தட்டிப் பார்த்தால் தெரியுமா பொலிஸ் காரின் பலம்?

புது வாகனம் ஒன்று கண்ணில் பட்டால் நம்மாட்களின் கை முதலில் போவது பொனட்டுக்குத்தான். விரல் முட்டியால் இரண்டு தட்டு. ‘டொக்’ என்றால் நல்ல சாமான், ‘டங்’ என்றால் தகரம். திருகோணமலையில் கண்டி வீதிக் கராஜானாலும் சரி, உள்துறைமுக வீதியோரம் குந்தியிருந்து போற வாற வாகனங்களுக்கெல்லாம் மார்க் போடும் கூட்டமானாலும் சரி, தீர்ப்பு இப்படித்தான் வரும். பொலிஸ் வாகனம் மாறிவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்து லாண்ட் ரோவரில் பொலிஸ் வந்திறங்கினால் ஒரு பயம் இருந்தது, இப்ப வாறதெல்லாம் கலியாண வீட்டுக்குப் போற வாகனம் மாதிரி என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் ஓம் போடுவார்கள்.

இதே பேச்சு அமெரிக்காவில் பெரிய அளவில் எழுந்தது. ஹொலிவூட் படம் பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த அந்த நீளமான பொலிஸ் கார், ஃபோர்ட் கிரவுண் விக்டோரியா, 2011 செப்டெம்பர் 15 அன்று கனடாவின் சென் தோமஸ் ஆலையில் கடைசியாக ஒன்று செய்யப்பட்டு நிறுத்தப்பட்டது. அதன் அடித்தள வடிவமைப்பு 1978ஆம் ஆண்டுக்குரியது. அதற்குப் பதிலாக, டோரஸ் என்ற குடும்பக் காரை அடியாகக் கொண்டு ‘பொலிஸ் இன்டர்செப்டர்’ என்ற புதிய காரை ஃபோர்ட் இறக்கியது. பொலிஸ்காரர் பலருக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே நெருக்கம், பின்பக்கம் சரியாகத் தெரியவில்லை, வீ8 எஞ்சின் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாகச் செசி, அதாவது வாகனத்தைத் தாங்கும் தனிச் சட்டகம், இல்லாத கார். இந்த முறைப்பாடுகளில் சிலதில் நியாயம் இருக்கிறது. செசி பற்றியதில்தான் அவர்கள் சறுக்கினார்கள்.

கிரவுண் விக்டோரியாவில் கீழே தடித்த இரும்புச் சட்டகம் ஒன்று காரின் ஓரத்தைச் சுற்றி ஓடும். எஞ்சின், கியர்பொக்ஸ், சக்கரங்கள் எல்லாம் அதில்தான் பூட்டியிருக்கும். ஆட்கள் இருக்கும் பொடியை மேலே தூக்கி வைத்து, இடையில் இறப்பர் கொடுத்து போல்ட் போட்டு முறுக்கிவிடுவார்கள். லொறிகளும் லாண்ட் ரோவரின் பழைய டிஃபெண்டர் ஜீப்பும் இதே வழிதான், சட்டகம் மட்டும் ஏணி வடிவில் இருக்கும். பாரம் முழுவதும் சட்டகத்துக்கு. பொடி சும்மா மேலே இருந்து பயணம் செய்கிறது.

டோரஸ் அப்படியில்லை. தரை, கதவுத் தூண்கள், கூரை, பின்சுவர் எல்லாம் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒட்டி ஒரே கூடாகிவிட்டவை. இது புதுச் சங்கதியும் அல்ல. இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1922இலேயே லம்டா என்ற காரை இந்த வழியில் காட்டிவிட்டது. நம்மூரில் ஓடும் வாகன் ஆர், விட்ஸ், அக்குவா எல்லாம் இந்த வகைதான். கராஜ் ஒன்றில் தூக்கிவைத்த காருக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெடியன், “அண்ண, இதில செசி எங்க இருக்கு?” என்று கேட்டான். டிங்கர் வேலை செய்துகொண்டிருந்தவர் தலையைத் திருப்பவேயில்லை. “நீ தலைக்கு மேல பார்க்கிறது முழுக்கச் செசிதான்ரா தம்பி. கூரையும் செசி.”

கூரை எப்படிச் செசியாகும்? வீட்டில் கிடக்கும் சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுங்கள். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். ஈரத்துணி போல வளைந்து கொடுக்கும். இப்போது மூடியைப் போட்டு, விளிம்பு முழுவதும் டேப் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அசையாது. மட்டையின் தடிப்பு மாறவில்லை, ஆனால் பெட்டி நாலு பக்கமும் மூடிவிட்டது. முறுக்கும் விசை, மூடிய பெட்டியில் எங்கும் அறுபடாமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. திறந்த பெட்டியில் அது விளிம்பில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. மூடிய வடிவம் எவ்வளவு பரப்பை உள்ளே வளைத்துப் பிடிக்கிறதோ அந்தப் பரப்பின் வர்க்கத்துக்கு ஏற்ப முறுக்குறுதி கூடும். அதனால்தான் பத்து அங்குல உயரம்கூட இல்லாத தடித்த சட்டகத்தை விட, ஆள் உயரத்துக்குப் பக்கமாக நிற்கிற மெல்லிய தகட்டுக் கூடு முறுக்குக்கு இறுக்கமாக நிற்கிறது.

இதை எண்ணில் பார்க்கலாம். பழைய டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றது. 2019இல் அறிமுகமான புதிய டிஃபெண்டர் செசி இல்லாத அலுமினியக் கூடு. உலகம் முழுக்க டிஃபெண்டர் பிரியர்கள் ஒப்பாரி வைத்தார்கள். அந்தக் கூட்டை ஒரு பாகை முறுக்க 29,000 நியூட்டன் மீற்றர் வேண்டும் என்கிறது லாண்ட் ரோவர். ஒரு மீற்றர் நீளக் கம்பியின் நுனியில் ஏறத்தாழ 3 தொன் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு அது. வழக்கமான செசி வாகனங்களைவிட மூன்று மடங்கு என்பது அவர்களின் கணக்கு. இறுக்கமான கூடு இருந்தால் ஷொக் அப்சோபரும் ஸ்பிரிங்கும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்யும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது அசைய வேண்டியது சக்கரம்தானே, முழு வாகனமும் நெளியத் தேவையில்லை.

தட்டிப் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய காரின் வெளித்தகடு சுமார் 0.7 மில்லிமீற்றர்தான். பலம் அதில் இல்லை. கதவுத் தூணுக்குள்ளே, சூடாக்கி அச்சில் அழுத்திச் செய்த போரன் உருக்கு இருக்கும். அதன் ஒரு சதுர மில்லிமீற்றர் ஏறத்தாழ 150 கிலோ வரை தாங்கும். சாதாரண இரும்புத் தகடு 30 கிலோவைச் சுற்றித்தான். பொனட்டோ வேண்டுமென்றே நெகிழ்வாகச் செய்யப்படுகிறது. வீதியில் போகிறவரை முட்டிவிட்டால் அவருடைய தலை அடிபடுவது அங்கேதான் என்பதால், கீழே எஞ்சினுக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, மடங்கும்படி வைக்கிறார்கள். மென்மையாக இருக்க வேண்டிய இடத்தில் தட்டிவிட்டு மென்மை என்று குறை சொல்கிறோம்.

இனி மோதல். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு 13.9 மீற்றர். மதிலில் மோதும் காரின் முன்பகுதி 60 சென்ரிமீற்றர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர் உணரும் சராசரி வேகக் குறைவு புவியீர்ப்பைப் போல 16 மடங்கு. 70 கிலோ ஆளுக்கு அது ஒரு தொன்னுக்கு மேல். முன்பகுதி ‘நல்ல உறுதியாக’ இருந்து 30 சென்ரிமீற்றர் மட்டும் நசுங்கினால் ஏறத்தாழ 33 மடங்கு, இரண்டு தொன்னுக்கு மேல். வாகனம் சேதமில்லாமல் நிற்கும், சேதம் நெஞ்செலும்புக்குப் போகும். முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுவில் ஆள் இருக்கும் அறை நசுங்கக்கூடாது என்ற யோசனைக்கு டைம்லர்-பென்ஸ் பொறியியலாளர் பேலா பாரெனி 1951இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959 முதல் மெர்சிடிஸ் கார்களில் அது வந்தது.

“அந்தக் காலத்து இரும்பு” என்று உருகுபவர்களுக்கு 2009இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் செய்த சோதனையைக் காட்ட வேண்டும். 1959ஆம் ஆண்டின் செவ்ரலே பெல் எயார் ஒன்றையும் 2009ஆம் ஆண்டின் செவ்ரலே மலிபு ஒன்றையும் மணிக்கு 64 கிலோமீற்றரில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பழையதில் ஸ்டியரிங் சாரதியின் நெஞ்சுக்கு வந்தது, கூரைத் தூண் மடிந்தது. சாரதிக்குப் பதிலாக அதில் இருத்திய பொம்மை மனிதனாக இருந்தால் பிழைத்திருக்காது. புதியதில் காலில் காயம்.

கிரவுண் விக்டோரியாவை அந்தப் பெல் எயாரோடு சேர்ப்பது அநியாயம். அதன் பலவீனம் வேறிடத்தில். பெற்றோல் தாங்கி பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஆளை மறித்து நிற்பது பொலிஸ் காரின் அன்றாட வேலை, அதனால் பின்னால் வந்து வேகமாக முட்டுவது அவர்களுக்குத்தான் அதிகம். அப்படி முட்டுப்பட்டுத் தீப்பிடித்ததில் பொலிஸ்காரர்கள் உயிரிழந்தார்கள். 2002இல் தாங்கியைச் சுற்றி மறைப்புத் தகடுகள் பொருத்தினார்கள். 2005 மாதிரியில் தீயணைப்பு ஏற்பாடே விரும்பினால் பெறலாம் என்றாயிற்று. புதிய காரில் தாங்கி பின்னிருக்கைக்குக் கீழே, பின்சக்கரங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், பழைய காரை விடுவதற்கு இது ஒன்றே போதும்.

எஞ்சின் பற்றிய புலம்பலையும் எண்கள் ஆதரிக்கவில்லை. பழைய 4.6 லீற்றர் வீ8 தந்தது 250 குதிரைவலு. புதியதில் 3.5 லீற்றர் வீ6க்கு இரண்டு டேர்போ போட்டபோது 365. வெளியேறும் புகையின் விசையில் சுழலும் விசிறி காற்றை அமுக்கி உள்ளே அனுப்புகிறது. காற்று கூடினால் எரியும் எரிபொருளும் கூடும். சக்கரத்தில் இன்னொரு மாற்றம்: பழையதில் பின்சக்கரம் மட்டும் தள்ளும், புதியதில் நாலும் தள்ளும் வசதி வந்தது. டயருக்கும் தார் வீதிக்கும் இடையில் உள்ள பிடி ஒரு அளவுதான், தள்ளவும் திரும்பவும் பிரேக் பிடிக்கவும் அதே பிடியைப் பங்கு போட்டுத்தான் செலவழிக்க வேண்டும். பின்சக்கரம் மட்டும் தள்ளும் காரில், மழை வீதியில் வளைவில் அழுத்தினால் பின்பக்கம் வீசும். நாலு சக்கரமும் தள்ளினால் ஒவ்வொன்றுக்கும் சுமை குறைவு. ஆனால் பழகிய கைக்கு அந்த வீச்சும் ஒரு கருவிதான். பல வருடம் அதை வைத்தே துரத்திப் பிடித்தவர்களுக்குப் புதுக் கார் வாயில்லாப் பூச்சியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 

பொலிஸ்காரர்கள் சரியாகச் சொன்னது இடத்தைப் பற்றி. காற்றுத் தடை குறைய வேண்டுமென்று டோரஸின் கூரை பின்னால் சரிந்து இறங்குகிறது. கைது செய்தவரைக் கையைப் பின்னால் பூட்டி அதற்குள் குனிய வைப்பது இரண்டு பக்கத்துக்கும் கஷ்டம். பொலிஸ் கார் ஓடும் அலுவலகம். கணினி, வானொலி, துப்பாக்கி வைக்கும் சட்டம் எல்லாம் முன்னிருக்கைகளின் நடுவில் வேண்டும். ஃபோர்ட் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. கியரை ஸ்டியரிங் தண்டில் வைத்தார்கள், பொலிஸ்காரரின் இடுப்புப் பட்டி இடிக்காதபடி இருக்கையின் ஓரத்தை வெட்டினார்கள், பின்னாலிருந்து கத்தியால் குத்தினால் தடுக்க முதுகில் இரும்புத் தகடு வைத்தார்கள். கூரையை மட்டும் உயர்த்த முடியவில்லை. பொலிஸ் திணைக்களங்கள் எக்ஸ்புளோரர் என்ற உயரமான வாகனத்தின் பொலிஸ் வடிவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. டோரஸ் வடிவம் 2019இல் நின்றது. அந்த எக்ஸ்புளோரரும் செசி இல்லாததுதான், யாரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை.

யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம், நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது. பொலிஸ் வாகனத்தின் வாழ்நாளில் பெரும்பங்கு இப்படித்தான் கழியும். ஏசி, விளக்கு, வானொலி எல்லாம் ஓட வேண்டுமென்று மணிக்கணக்கில் ஸ்டார்ட்டிலேயே நிற்கும். ஒரு மணித்தியாலம் அப்படி நின்றால் எஞ்சினுக்கு 53 கிலோமீற்றர் ஓடிய தேய்மானம் என்பது ஃபோர்ட்டின் கணக்கு. ஒரு நாளில் ஐந்து மணித்தியாலம் நின்றால் மீற்றரில் ஏறாத 265 கிலோமீற்றர். 2020 மாதிரியில் வந்த ஹைபிரிட் எக்ஸ்புளோரர் இந்தச் சுமையை மின்கலத்தில் ஏற்றி, எஞ்சினைத் தேவைக்கு மட்டும் எழுப்புகிறது. நம் வெயிலுக்கு இதுதான் முதலில் வரவேண்டிய மாற்றம்.

இங்கே கதை வேறு. 2022 கடைசியில் இந்தியக் கடனுதவியில் இலங்கைப் பொலிஸுக்கு வரத் தொடங்கிய மகிந்திரா ஸ்கோர்பியோக்கள் இன்னும் செசி வாகனங்கள்தான். கரடுமுரடான பாதைக்கும் பாரம் இழுப்பதற்கும் அது பிழையான தெரிவு இல்லை. ஆனால் கடற்காற்று இரண்டு வகையையும் விடாது. பெட்டிபோல் மூடிய செசிச் சட்டத்துக்குள் உப்பும் மண்ணும் போய்த் தங்கினால் வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே அரிக்கும். பழைய டிஃபெண்டரில் அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் உப்பு ஈரம் பட்டால் அது ஒரு சின்ன மின்கலமாகிவிடும். கரைவது அலுமினியம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கிடக்கும் பழைய ஜீப்புகளின் கதவோரத்தில் பெயின்ட் கொப்புளம் போல எழும்பி, உள்ளே வெள்ளைத் தூள் இருப்பது அதனால்தான்.

ஒரே கூடாகச் செய்த வாகனத்தின் உண்மையான குறை திருத்தத்தில் இருக்கிறது. செசி வளைந்தால் இழுத்து நிமிர்த்தலாம், பொடியைக் கழற்றி மாற்றலாம். கூடு வளைந்தால் அளவுப் படுக்கையில் ஏற்றி மில்லிமீற்றர் கணக்கில் இழுக்க வேண்டும். போரன் உருக்கைக் காஸ் வெல்டிங்கால் சூடாக்கி வளைத்தால் அதன் பலம் போய்விடும், வெளியே புட்டி போட்டுப் பெயின்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது. 2025இல் வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு பழைய வாகனங்களும் நிறையக் கைமாறுகின்றன. வாங்கப் போனால் கதவைத் திறந்து, சட்டத்தைச் சுற்றி ஓடும் இறப்பரை ஒரு சாண் உரித்துப் பாருங்கள். ஆலையில் ஒட்டிய இடமென்றால் ஒரே சீரான இடைவெளியில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் வரிசையாக இருக்கும். வழுவழுவென்று இருந்தால் அந்தத் தூணில் ஏற்கெனவே யாரோ கைவைத்திருக்கிறார்கள்.