1114ன்னு போட்டிருந்தா அது ஆயிரம் வருஷத்துக் காசு இல்ல

போன வாரம் புளியரை பக்கத்துல இருந்து ஒரு அக்கா என் ஆபீஸுக்கு வந்தாங்க. வந்ததும் கேட்ட முத கேள்வியே, "சார், 11 லட்சத்துக்கு ஜிஎஸ்டி எவ்வளவு வரும், அத கட்டுனாத்தான் பணம் ரிலீஸ் ஆகும்ங்காங்க". பேஸ்புக்ல விளம்பரம் பாத்து பழைய காசு ஒண்ணும் டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபா நோட்டு ஒண்ணும் ஏலத்துக்கு விட்டிருக்காங்க, அதாவது விட்டதா நெனச்சிருக்காங்க. ரிஜிஸ்ட்ரேஷன்னு 1,250, அடுத்து ரிசர்வ் பேங்க் பெர்மிஷன்னு 8,500, அப்புறம் ஜிஎஸ்டின்னு 16,000. மூணு தடவையும் ஜிபேல போயிருக்கு. 11 லட்சத்துக்கு ஏலம் போச்சுன்னு சொன்ன அந்த விளம்பரக்காரன் இப்ப இன்னும் கேக்கான். ரிசர்வ் பேங்க் சீல் வச்ச ஒரு சர்ட்டிபிகேட்ட போன்ல காட்டுனாங்க, அதுல ஸ்பெல்லிங்கே தப்பு.

இந்த வருஷத்துல எங்கிட்ட இப்படி வர்ற நாலாவது ஆள் இவங்க. செங்கோட்டைல 19 வருஷமா டேக்ஸ் பிராக்டீஸ் பண்றேன், அதனாலதான் இத எழுதுறேன்.

அந்தக் காசு சேலை முந்தில முடிஞ்சு இருந்துச்சு. அவிழ்த்து மேஜைல வச்சாங்க, தங்கம் மாதிரி பளபளன்னு இருந்துச்சு, புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சிருக்காங்க. சங்கு தெரியுது, 1114ங்கிற நம்பர் தெரியுது. "சோழர் காலத்துக் காசு சார், 900 வருஷம் ஆச்சு, அந்தத் தம்பியே சொன்னான்" அப்படின்னாங்க. அய்யோ அக்கா, அது கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூர்க் காசுல போடுற மலையாள வருஷக் கணக்கு. கொல்லம் ஆண்டு கி.பி. 825ல ஆரம்பிக்குது, அப்ப 1114ன்னா 1938 ஆவணில இருந்து 1939 ஆடி வரைக்கும். செங்கோட்டை மொதல்ல திருவிதாங்கூர், அப்புறம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடதான இருந்துச்சு, நம்ம தாத்தாமாரு கூலி வாங்குனதே சக்கரத்துலதான், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபா. அதனால இந்தக் காசு நம்ம ஊர்ல பாதி வீட்டு அஞ்சறைப்பெட்டில கெடக்கும். ஊருக்கெல்லாம் இருக்கிற பொருளுக்கு எவன் 11 லட்சம் குடுப்பான்?

பழசுன்னா வெல உண்டுங்கிற நெனப்புதான் எல்லாத்துக்கும் வேர். இதக் கேட்டாலே எனக்கு ஆத்திரமா வருது. வயசுக்கு யாரும் காசு குடுக்க மாட்டாங்க. அரிதா கெடைக்கணும், நல்லா இருக்கணும், அத தேடுற ஆளும் இருக்கணும். அதுவும் ஏலத்துல ஒரு ஆள் போதாது, ரெண்டு பேர் வேணும். ஈபேங்கிற ஆன்லைன் ஏல சைட்ல ஒருத்தர் 5,000 வரைக்கும் போகத் தயார்னு போட்டு வச்சாலும் சிஸ்டம் அத வெளிய காட்டாது, அடுத்த ஆள் கேட்ட விலைக்குக் கொஞ்சம் மேல மட்டும்தான் ஏத்தும். அடுத்த ஆள் 300ல நின்னுட்டா 300க்குக் கொஞ்சம் மேலதான் விழும். ஆளே வரலேன்னா நீங்க வச்ச ஆரம்ப விலையோட அப்படியே நிக்கும். 1995ல ஈபேல முதமுதலா வித்த பொருளே ஒரு ஒடைஞ்ச லேசர் பாயின்டர், 14.83 டாலருக்குப் போச்சு. வாங்குன ஆள் ஒடைஞ்ச லேசர் பாயின்டர்களையே சேக்கிறவர், அதான் விஷயம்.

இன்னொண்ணு, நெட்ல "இந்தக் காசு 5 லட்சம்"னு போட்டிருக்கிறது அவன் கேக்குற வெல. கேக்குறது ஓசிதான, நான் என் ஆபீஸ் நாற்காலிக்கு ஒரு கோடி கேக்கலாம். கேட்ட வெலய விட்டுத் தள்ளுங்க, வித்த வெலய பாருங்க. ஈபேல வித்து முடிஞ்ச பொருள மட்டும் தனியா காட்டுற பில்டர் இருக்கு. உங்க பொருள் மாதிரியே இருக்கிறது என்ன வெலைக்குப் போயிருக்குன்னு ஒரு பத்தாவது பாருங்க, பாத்துட்டு அப்புறம் கனவு காணுங்க. அந்த டிராக்டர் நோட்டு இன்னிக்கும் செல்லும் நோட்டு, கடைல குடுத்தா அஞ்சு ரூபாய்க்குச் சாமான் வாங்கலாம்.

காச தேய்க்காதீங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன். குத்துவிளக்குக்கும் காசுக்கும் வித்தியாசம் இருக்கு. அந்தக் கருப்பும் பச்சையும் தானா ஏறுனது, சேகரிக்கிறவங்க அதத்தான் பாப்பாங்க, தேச்ச காசுன்னு கண்டாலே வெலய பாதிக்கும் கீழ கேப்பாங்க.

இதெல்லாம் கேட்டுட்டு, அப்ப வீட்டுல இருந்து இந்தத் தொழிலே பண்ண முடியாதான்னு கேக்காதீங்க, தாராளமா பண்ணலாம். எங்கிட்ட ரிட்டர்ன் போட வர்ற ஒரு அம்மா இருக்காங்க, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பழைய தீப்பெட்டி லேபிள மட்டும்தான் விக்கிறாங்க. அது கனமே கிடையாது, தபால் செலவு கம்மி, ஒடையாது, அத உலகம் பூரா சேக்கிறவங்க இருக்காங்க. அவங்க நோட்ட நான் பாத்திருக்கேன், நீளமான கணக்கு நோட்டு, வாங்குன வெல, சைட் கமிஷன், கவர், அட்டை, தபால், டாலர் மாத்துனதுல போனது, கடைசி கட்டத்துல மிச்சம். சில வரில மிச்சம் மைனஸ், அதையும் செவப்பு மைல எழுதியிருக்காங்க. லேபிள்ல ஒரு ஓரம் கிழிஞ்சிருந்தா அத பெருசா போட்டோ எடுத்து முதல்லயே போட்டுருவாங்க, அதனாலயே அவங்களுக்கு திரும்பி வர்ற பார்சல் ரொம்பக் கம்மி. வாங்குறவங்கள்ல பேர்பாதிப் பேர் ஏற்கெனவே வாங்குனவங்கதான்.

சட்டத்துக்கு வருவோம், இங்கதான் நம்ம ஆளுங்க காதே குடுக்க மாட்டேங்காங்க. 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டுன காசு, சிலை, வேலைப்பாடு உள்ள சாமான் எல்லாம் தொல்பொருள் கணக்குல வரும், பழைய ஏட்டுச்சுவடி வகையறாவுக்கு 75 வருஷம்தான். அத வெளிநாட்டுக்கு அனுப்புனா ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். உள்நாட்டுல யாவாரமா பண்ணவும் லைசென்ஸ் வேணும். "எங்க பாட்டி விளக்கு, எனக்கில்லாத உரிமையா"ன்னா அந்தப் பேச்சு கஸ்டம்ஸ்ல எடுபடாது. பொருளோட வயசு சந்தேகமா இருந்தா தொல்லியல் துறைல தொல்பொருள் இல்லேன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு அனுப்புங்க.

அப்புறம் நம்ம பார்டர்காரங்க மட்டும் மாட்டுற ஒண்ணு. தமிழ்நாட்டுக்குள்ளயே சைட் மூலமா விக்கிற சின்ன யாவாரிகளுக்கு 2023 அக்டோபர் 1ல இருந்து சலுகை உண்டு, வருஷ விற்பனை 40 லட்சத்துக்குக் கீழன்னா ஜிஎஸ்டி போர்ட்டல்ல என்ரோல்மென்ட் நம்பர் மட்டும் எடுத்துட்டு ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாமலே விக்கலாம். ஆனா புனலூர்காரர் ஆர்டர் போட்டா அது கேரளா, வேற மாநிலம். புளியரை தாண்டிட்டா, கண்ணுக்குத் தெரியிற தூரம்னாலும், அந்தச் சலுகை இல்ல, ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்தாகணும். வெளிநாட்டுக்குன்னா ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி நம்பர் வேணும், ஆன்லைன்லயே 500 ரூபா கட்டி எடுத்துரலாம். வீட்டுல கெடந்த சொந்தச் சாமான எப்பவாவது ஒண்ணு விக்கிறது வேற, வாங்கி வாங்கி விக்கிறது வேற, ரெண்டாவதுதான் பிசினஸ். இத எத்தன தடவ சொன்னாலும் நோட்டீஸ் வந்தப்புறம்தான் வர்றாங்க.

ஈபேயோட இந்திய சைட்ட 2018 ஆகஸ்ட்லயே மூடிட்டாங்க, இங்க இருந்து வெளிநாட்டுக்கு விக்கிறது மட்டும்தான் இப்ப நடக்குது. "ஈபே இந்தியா ஆபீஸ்ல இருந்து பேசுறோம்"னு போன் வந்தா கட் பண்ணுங்க. பழைய நோட்டு, காசு யாவாரத்துல தனக்கு எந்தத் தொடர்பும் இல்ல, கமிஷனோ கட்டணமோ கேக்குறதே இல்லன்னு ரிசர்வ் பேங்கே 2021 ஆகஸ்ட்ல அறிக்கை விட்டிருக்கு. கவர்மென்ட் ஜிஎஸ்டிய தனி ஆள் நம்பருக்கு ஜிபேல வசூல் பண்ணாது, அது கவர்மென்ட் போர்ட்டல்ல சலான் போட்டுக் கட்டுறது. பணம் உங்களுக்கு வர்றதுக்கு நீங்க பின் நம்பர் போட வேண்டிய அவசியமே இல்ல. விக்கிறவன் எதுக்கு முன்பணம் கட்டணும், இத ஒரு நிமிஷம் யோசிச்சா போதும்.

ஏமாந்துட்டா வெக்கப்படாதீங்க, வீட்டுக்காரருக்குப் பயந்து ஒளிக்காதீங்க, உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. இந்த அக்கா முத பணம் போட்டு 12 நாள் கழிச்சு வந்தாங்க. 1930ல கம்ப்ளைன்ட் குடுத்து நம்பர் வாங்கியாச்சு, பேங்க்லயும் எழுதிக் குடுத்தாச்சு. கடைசியா போன 16,000 மட்டும் அவங்க வர்றதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி அனுப்புனது, அதுல ஏதாவது மாட்டுதான்னு பாக்கணும். பணம் கேட்டு எவனாவது போன் பண்ணா அனுப்புறதுக்கு முன்னாடி வாங்க, தென்காசி, பண்பொழி, இலஞ்சி எந்த ஊரா இருந்தாலும் சரி, இதுக்கு நான் பீஸ் வாங்குறதில்ல.