அடைப்பு இல்லை, வலி மட்டும் உண்டு

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறார் ஒரு நடுவயதுப் பெண். நாடித் துடிப்பு 180. ஊசி போட்டதும் அடங்கிவிடுகிறது. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் அடைப்பே இல்லை. "அப்போ கேஸ்தான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் அது இதயத்தின் வலியாகவே இருக்கலாம்.

உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் இதயம் தன் பங்கை எப்போது எடுத்துக்கொள்கிறது? இடது கீழறையின் தடித்த சுவர் சுருங்கும்போது, அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் சேர்ந்து நெரிபடுகின்றன. சுவர் தளரும்போதுதான் அங்கே ரத்தம் தாராளமாகப் பாயும். பந்தி பரிமாறுகிறவர் இடைவெளி கிடைத்தால் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வதைப் போல.

நிமிடத்துக்கு 70 முறை துடித்தால், ஒவ்வொரு முறையும் சுருங்க ஏறக்குறைய 0.3 விநாடி. மிச்சமிருக்கும் ஓய்வு நிமிடத்துக்கு 39 விநாடி. 180 முறை துடிக்கும்போது சுருங்கும் நேரம் 0.2 ஆகக் குறைந்தாலும், ஓய்வு 24 விநாடிக்கு இறங்கிவிடுகிறது. வேலை கூடிவிட்டது, சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

கை கால் தசைகள் நெருக்கடியில் ரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனைப் பிழிந்துகொள்ளும். இதயத் தசையோ சும்மா இருக்கும்போதே வருவதில் சுமார் 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ரத்தமே கூடுதலாக வர வேண்டும். வராதபோது, தவிக்கும் செல்களிலிருந்து அடினோசின் என்ற பொருள் வெளிவந்து வலி நரம்புகளைக் கிளறுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 'எஸ்.வி.டி.' என்னும் வேகத் துடிப்பை நிறுத்தப் போடும் ஊசியும் பெரும்பாலும் இதே அடினோசின்தான். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணுவைச் சில நொடிகள் அது முடக்கும். பெரும்பாலும் இந்த வேகத்துக்குக் காரணம், அந்தக் கணு வழியே சுற்றிச் சுற்றி ஓடும் மின்னோட்டம்; அது அறுந்துபோகும். போட்ட கையோடு பலருக்கு நெஞ்சு அழுத்தும், செத்துவிடுவோமோ என்றுகூடத் தோன்றும். ஆனால் உடம்பு அந்த மருந்தில் பாதியை 10 நொடிக்குள் காலி செய்துவிடும். அழுத்தமும் சீக்கிரம் விலகும்.

சரி, படபடப்போடு வலி வந்தால் 'துடிப்புக் கோளாறுதானே' என்று இருந்துவிடலாமா? கூடாது. ஏற்கெனவே குழாய் சுருங்கியிருப்பவருக்கு 130 துடிப்பே ஆபத்தாகலாம். மாரடைப்பே துடிப்பைக் குலைப்பதும் உண்டு. இதயத் தசை காயப்பட்டால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறியிருந்தால்கூட, எதனால் என்று ஒரே பார்வையில் சொல்ல முடியாது. அடைப்பே இல்லாமல் வெறும் வேகத்தாலும் அது ஏறும். இதை வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் உடனே 108.

அப்புறம், துடிப்பு அடங்கியபின் எடுக்கும் ஈசிஜி பெரும்பாலும் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். படபடக்கும்போது எடுத்ததுதான் சாட்சி. அதை உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள், பீரோவில் இருக்கும்போதே மங்கிவிடும்.