முதஷாபிஹ்: ஒத்த வசனம் என்றால் ஒரே வசனம் இல்லை

போன ரமலானில் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிவாசலில் தராவீஹ், அதாவது ரமலான் இரவுத் தொழுகை. குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்தில் 'நர்ஸுகுகும்' என்று ஓத வேண்டிய இடத்தில் இளம் ஹாபிழ் (குர்ஆனை மனனம் செய்தவர்) 'நர்ஸுகுஹும்' என்று ஓதிவிட, முதல் வரிசைப் பெரியவர் ஒருவர் உடனே எடுத்துக் கொடுத்தார். ஒரே ஓர் எழுத்துதான்: 'கும்' என்றால் உங்களுக்கு, 'ஹும்' என்றால் அவர்களுக்கு. தொழுகை முடிந்ததும் பையனின் முதுகைத் தடவி, "மக்களே, அது முதஷாபிஹ் இடமாக்கும், யாருக்கும் நாக்கு பிசகும்" என்றார்.

ஷீன், பா, ஹா என்ற வேரிலிருந்து வந்த சொல் இது. முதஷாபிஹ் என்றால் ஒன்றையொன்று ஒத்திருப்பது. 2:25இல் (2ஆம் அத்தியாயம், 25ஆம் வசனம்) சொர்க்கத்துக் கனிகளுக்கும் இதே சொல்தான். நம்மூர்க் கடையில் மட்டிப் பழமும் ரசகதலிப் பழமும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரிந்தாலும் உரித்து வாயில் போட்டால் வேறு வேறுதானே, அப்படி. (3:7இல் பொருள் தெளிவான முஹ்கம் வசனத்துக்கு எதிராக வரும் முதஷாபிஹ், பொருள் எளிதில் பிடிபடாத வசனம். அது தனி விஷயம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரி, ஏறக்குறைய ஒன்றுபோல வரும் இரண்டு வசனங்களில் அந்த ஓர் எழுத்து ஏன் மாறுகிறது? அல்அன்ஆமின் 6:151இல் 'மின் இம்லாக்', அதாவது வறுமையினால் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று வருகிறது. வறுமை ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது, தகப்பனுக்கே இன்றைக்குச் சோறில்லை, அதனால் 'உங்களுக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம்' என்று அவனை முதலில் வைத்து ஆறுதல். 17:31இல் 'கஷ்யத இம்லாக்', வறுமைக்குப் பயந்து. இன்றைக்குச் சோறு இருக்கிறது, பிள்ளை பிறந்தால் இல்லாமல் போகுமோ என்ற பயம்தான், அதனால் 'அவர்களுக்கும் உங்களுக்கும்' என்று பிள்ளை முன்னால் வந்துவிடுகிறது. விரிவுரையாளர்கள் சொல்லும் இந்த விளக்கத்தை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படி முன்னே பின்னே வருவதை வைத்துப் பொருள் காண்பதற்கு அரபியில் சியாக் என்பார்கள். கால்நடையை ஓட்டிச் செல்வதைக் குறிக்கும் வேர். தமிழில் பலர் 'சூழல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, ஏனென்றால் சூழல் என்றதும் வசனம் இறங்கிய நேரத்து நிலைமைதான் மனதில் வரும், அதற்கு சபபுன் நுஸூல் என்று தனிச் சொல் இருக்கிறது. 'முன்பின் தொடர்பு' என்பதே சரி. முதஷாபிஹுக்கு 'ஒத்த வசனம்' போதும், 'ஒரே வசனம்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

அப்புறம், அந்தப் பையனுக்குப் பெரியவர் சொல்லிக் கொடுத்த அடையாளம்: 'மின்' வந்தால் 'கும்', 'கஷ்யத' வந்தால் 'ஹும்'.