குரூப் டிஸ்கஷனில் அமைதிக்காகக் காத்திருக்காதீர்கள்

ஆங்கிலம் வராததால்தான் ஜி.டி.யில், அதாவது வேலைத் தேர்வில் வரும் குரூப் டிஸ்கஷனில், தேறாமல் போனேன் என்று பெங்களூருவுக்கு வேலை தேடி வரும் நம் பிள்ளைகள் சொன்னால், நான் பாதிதான் நம்புவேன். கேம்பஸ் தேர்வுகளில் ஆளெடுக்கும் பேனலில் உட்கார்ந்திருக்கிறேன். மடிவாளா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பி.ஜி.யில் தங்கி வேலை தேடுகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். நான் பார்த்தவரை பலர் மாட்டிக்கொள்வது இலக்கணத்தில் இல்லை, பேச்சுக்குள் நுழைவதில்.

ஜி.டி. என்றால் ஒரு தலைப்பு, எட்டுப் பத்துப் பேர், பத்துப் பதினைந்து நிமிடம். 'குறுக்கே பேசாதே' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, முன்னவர் முழுதாக முடிக்கட்டும், அமைதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும். அந்த அமைதி வரவே வராது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் பத்து மொழிகளின் அன்றாட உரையாடல்களை எடுத்து அளந்தார்கள். கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடிதான், அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு சொல்லை மனதில் தேடி எடுத்து உச்சரிக்கவே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அப்படியானால் எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் தங்கள் பதிலைத் தயார் செய்துவிடுகிறார்கள். நாமோ தமிழில் யோசித்து, ஆங்கிலமாக்கி, டென்ஸ் சரிதானா என்று பார்த்து வாய் திறப்பதற்குள் மூன்று பேர் பேசி முடித்திருப்பார்கள். சுற்றும் கயிற்றுக்குள் குதிக்கிற சிறுமி, கயிறு நிற்கட்டும் என்றா காத்திருக்கிறாள்?

முழு வாக்கியத்தைத் தயார் செய்ய வேண்டாம். முதல் நாலைந்து சொல் போதும். "டு ஆட் டு தட் பாயின்ட்" என்று தொடங்கிவிட்டால், அது வாயில் ஓடும் நேரத்தில் மீதி வந்து சேரும். அதோடு, முன்னவர் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலையா, ஆபீசுக்குப் போய் வேலையா என்பது தலைப்பு என்று வையுங்கள். சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கிலேயே வாழ்க்கை போகிறது என்கிறார் ஒருவர். (இந்த ஊரில் எந்தத் தலைப்பும் சில்க் போர்டைத் தொடாமல் போகாது.) "ட்ரூ, த டிராவல் இஸ் டெரிபிள். பட் ஃபிரெஷர்ஸ் லேர்ன் பை சிட்டிங் நெக்ஸ்ட் டு சீனியர்ஸ்" என்று சொல்லி நிறுத்துங்கள். இதில் பெரிய ஆங்கிலம் எதுவும் இல்லை. ஆனால் முன்னவர் பேச்சை நீங்கள் கேட்டீர்கள், அதை ஒரு படி நகர்த்தினீர்கள் என்பது பேனலுக்குத் தெரிந்துவிடும்.

மறுத்துப் பேசும்போது ஆளை விட்டுவிட்டுக் கருத்தைத் தொடுங்கள். "யூ ஆர் ராங்" என்றால் அவர் முகம் சுருங்கும். அடுத்த ஐந்து நிமிடம் உங்களை மடக்கவே பார்ப்பார். "ஐ சீ இட் எ லிட்டில் டிஃபரன்ட்லி" என்று தொடங்கி உடனே காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் இல்லாத பணிவால் ஒரு பயனும் இல்லை.

பேனலைப் பார்த்து "சார்" போட்டுப் பேசுவது நம்மவர்களை விட்டு எளிதில் போகாத பழக்கம். உங்களோடு பேச வந்தவர்கள் வட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களைப் பாருங்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும் கட்டத்தை 'ஃபிஷ் மார்க்கெட்' என்பார்கள். கப்பன் ரோட்டில் உள்ள ராணுவத் தேர்வு மையத்துக்குப் போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே முதல் கட்டத்தில் ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். 4 நிமிடத்தில் கதை எழுதி, அதைச் சொல்லிவிட்டு, பிறகு குழுவாகப் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். தன் கதையே ஜெயிக்க வேண்டும் என்று கத்துகிறவர் அந்தப் பொதுக் கதையை மறந்துவிடுகிறார். இரைச்சலில் குரலை உயர்த்தாதீர்கள். பேச வாயெடுத்து இரண்டு முறை நின்றுபோனவர் யாராவது இருப்பார். "ஐ திங்க் ஷி வாஸ் சேயிங் சம்திங்" என்று அவருக்கு வழிவிடுங்கள். சட்டென்று சத்தம் இறங்கும். அவர் முடித்ததும் அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

குழுவில் இன்னொரு தமிழர் இருந்தால் அவரிடம் தமிழில் கிசுகிசுப்பது வேண்டாம். இருவர் இந்திக்குத் தாவினாலும் முறைக்காமல், "இன் இங்கிலீஷ் ப்ளீஸ், ஐ டோன்ட் வான்ட் டு மிஸ் திஸ்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

வேலை கிடைத்த பிறகு வரும் வீடியோ கால் மீட்டிங்கில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் அந்தக் குட்டி இடைவெளியையும் நெட் தாமதம் விழுங்கிவிடும். இருவர் ஒன்றாகத் தொடங்கி இருவரும் நிறுத்துவார்கள். அங்கே கை தூக்கும் பட்டனைக் கூச்சப்படாமல் அழுத்துங்கள். அழைக்கும் வரை மைக் மியூட்டில் இருக்கட்டும்; முதல் நாலு சொல்லை மட்டும் சாட் பெட்டியில் தட்டி வைத்துக்கொள்ளுங்கள்.