மெயினை அணைத்த பிறகும் ஃபேன் வயரில் மின்சாரம்

கடலூர், புதுச்சேரி பக்கம் புயலுக்கும் மின்வெட்டுக்கும் பயந்து பல வீடுகளில் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்கள். அதில் முதலில் இணைப்பது லைட்டும் ஃபேனும்தான். மெயினை இறக்கினால், கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டர் நொடிக்குள் 230 வோல்ட்டை ஃபேன் வயருக்கு அனுப்பிவிடும். பழைய சீலிங் ஃபேனை மாற்ற ஏணியில் ஏறும் முன் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணையுங்கள்.

சுவர் சுவிட்சை மட்டும் நம்பி வயரைத் தொடவே கூடாது. சுவிட்ச், மின்சாரம் வரும் பேஸ் வயரைத்தான் துண்டிக்க வேண்டும். பழைய வயரிங்கில், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலைத் துண்டித்து வைத்திருப்பதும் உண்டு. அப்போது ஃபேன் நிற்கும், ஆனால் வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுருள்) முழுவதிலும் மின்னழுத்தம் இருக்கும். மல்டிமீட்டரை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தால் பூஜ்யம் காட்டும், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் 230 காட்டும். அதனால் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பாருங்கள். மீட்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள பிளக்கில் முன்கூட்டியே சோதித்துக்கொள்வது அவசியம். விளக்கு எரியும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் போதாது: காய்ந்த மர ஸ்டூலில் நின்றால் அது மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

ஃபேனுக்கு வரும் ஒற்றை பேஸ் மின்சாரம் மோட்டாரில் உண்டாக்கும் காந்தப்புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, சுழலாது. அதனால்தான் ஃபேனில் ரன்னிங், ஸ்டார்ட்டிங் என இரண்டு வைண்டிங். ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோடு தொடராக உள்ள கண்டன்சர் (மின்னூட்டத்தைத் தேக்கி விடும் சிறு பாகம்) அந்த வைண்டிங்கின் மின்னோட்டத்தை நேரத்தில் முன்தள்ளுகிறது; இரண்டும் சேர்ந்து சுழலும் புலம் பிறக்கிறது. கண்டன்சர் செத்தால் ஃபேன் முனகும், ஓடாது. கையால் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கம் சுற்றும். திறன் குறைந்தால் மெதுவாக ஓடும். வழக்கமான 1200 மி.மீ. ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கண்டன்சர். வீட்டு மின்சாரம் 230 தானே என்று குறைந்த வோல்ட் கண்டன்சர் வாங்காதீர்கள். ஓடும்போது அதன் இரு முனைகளுக்கிடையே 230-ஐ விட அதிக மின்னழுத்தம் எழும். கண்டன்சரைத் தவறிப்போய் ரன்னிங் வைண்டிங்கோடு இணைத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும், காற்று கீழே வராது, மோட்டாரும் சூடேறும்.

இணைப்புக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயர் தாராளம். 75 வாட் ஃபேன் இழுப்பது ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். இன்சுலேஷனை 8 மி.மீ. உரித்து, இழைகளை முறுக்கி, கனெக்டருக்குள் முழுவதும் நுழைத்துத் திருகி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றுவது எங்கள் ஊர்க் காற்றுக்குச் சரிவராது: டேப்பின் பசை வெப்பத்தில் காய்ந்து விலகும், உப்புக்காற்று புகுந்து செம்பு பச்சை பூக்கும், இணைப்பு சூடேறும். பச்சை எர்த் வயரை வெட்டிச் சுருட்டி ஒளித்து வைக்காதீர்கள். ஈரம் இறங்கி ஃபேன் உடலில் கசிவு வந்தால், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கைபடும் முன்பே டிரிப் ஆக அதுதான் வழி.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் கூரை ஹூக்கைச் சுரண்டிப் பார்த்துவிட்டே ஃபேனை மாட்டுங்கள். துரு ஏறிய இரும்பு பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ, சுற்றிலும் விரிசல் தெரிந்தாலோ அந்த ஹூக் வேண்டாம். ரப்பர் புஷ் வழியே போகும் போல்ட்டுக்கு நட்டு மட்டும் போதாது. அதிர்வில் நட்டு தளரும்; பிறகு ஃபேனைத் தாங்குவது ஸ்பிளிட் பின்தான். அதைச் செருகி இரண்டு காலையும் விரித்து மடக்குங்கள். தரையிலிருந்து இறக்கை 2.4 மீட்டராவது உயரத்தில் இருக்கட்டும்.

பி.எல்.டி.சி. ஃபேன் (எலக்ட்ரானிக் போர்டு மூலம் ஓடும், மின்சாரம் குறைவாக இழுக்கும் வகை) என்றால் சுவரிலுள்ள ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு கெடும். பழைய ஃபேனுக்குப் பதில் அதே பாயிண்டில் புதியது மாட்டுவதை நீங்களே செய்யலாம். புதிய பாயிண்ட் இழுப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை.