ஆக்சலோட்டலின் செவுள் ஏன் உதிர்வதில்லை?

ஆக்சலோட்டல் என்பது தண்ணீரில் வாழும் மெக்சிகோ நாட்டுச் சலமாண்டர்: தவளைக்கு உறவான, பல்லி போன்ற உருவமுள்ள பிராணி. பல சலமாண்டர்கள் வளர்ந்ததும் செவுளை இழந்து நிலத்துக்கு வந்துவிடும். தொட்டியில் ஆக்சலோட்டல் வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு வயதாகிவிட்டது. இன்னும் தலைக்குப் பின்னால் செவுள் அப்படியே இருக்கிறது. எப்போது பெரிதாகி நிலத்துக்கு வரும்?" பெரும்பாலும் வரவே வராது. செவுளோடுதான் இணை சேரும், முட்டையிடும், கிழமாகும்.

1864-இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலோட்டல்கள் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஆறு விலங்கியலாளர் ஓகுஸ்ட் துமெரிலுக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டே முட்டையிட்டன. சரி, முழு வளர்ச்சி அடைந்தவைதான் என்று நினைக்கலாம். ஆனால் குஞ்சுகளில் சில செவுளை இழந்து நிலத்தில் வாழும் சலமாண்டராக மாறிவிட்டன! மனிதர் திகைத்துப்போனார்.

தலைப்பிரட்டை தவளையாவது தைராய்டு ஹார்மோனால் என்பது பள்ளிப் பாடம். அதைச் சுரக்கச் சொல்வது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆக்சலோட்டலின் தைராய்டில் பழுதில்லை. தூண்டினால் ஒழுங்காகச் சுரக்கிறது. தோல், செவுள், வால் எங்கும் அந்த ஹார்மோனை அடையாளம் காணும் ஏற்பிகளும் இருக்கின்றன. மேலிருந்து வரும் உத்தரவுதான் போதவில்லை. 1920-இல் ஆங்கில உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி தைராய்டுச் சுரப்பியையே இரையாகப் போட்டுப் பார்த்தார். செவுள் சுருங்கியது, வால் துடுப்பு மறைந்தது, விலங்கு நிலத்துக்கு வந்தது. நிலத்தில் வாழும் உடலுக்கான ஏற்பாடு முழுவதையும் உள்ளே வைத்துக்கொண்டு, அதை எடுக்காமலே தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரில் கிடக்கிறது இந்தப் பிராணி. வற்றாத ஏரி இருக்கும்போது கரையேறி என்ன லாபம்?

அந்த ஏரியின் மிச்சம்தான் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்கள். அங்கே 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் 36 ஆகிவிட்டன. மனித மரபணுத் தொகுதியைப் போல் பத்து மடங்கு பெரிதான இதன் மரபணுத் தொகுதியை 2018-இல் படித்து முடித்தார்கள். அருமையான வேலைதான். அதே ஆர்வத்தோடு கால்வாய்த் தண்ணீருக்கும் யாராவது பணம் ஒதுக்கினால் தேவலை.

அப்புறம், ஹார்மோனோ அயோடினோ போட்டு வீட்டில் மாற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். சாதாரண ஆக்சலோட்டலுக்கு வெட்டுண்ட கால் மீண்டும் நன்றாக முளைக்கும்; உருமாறியதற்கு மெதுவாகத்தான் வளரும், அதுவும் கோணலாக. தொட்டியில் வளரும் ஆக்சலோட்டலுக்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ந்த தண்ணீர். நம் ஊர்க் கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் நடக்காது. அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் கப்பி மீன் வளருங்கள், அதுவும் அழகுதான்.