பருகுணவுப் பத்தியம்: சொல் விளக்கம்

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் அண்ணனுக்கு எழுதித் தந்த சீட்டில் ‘வி.எல்.சி.டி., 12 வாரம்’ என்று மட்டும் இருந்தது. ‘வெரி லோ கலோரி டயட்’ என்பதன் சுருக்கம் அது; எடையைக் குறைக்க மருத்துவர் விதிக்கும் மிகக் குறைந்த கலோரி உணவு. அதற்கு என்ன பொருள் என்று அம்மை கேட்டபோது, அங்கிருந்த உதவியாளர் ஒருவர், “நீராகாரம் மட்டுந்தான் குடிக்கணும் பாட்டி” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் நினைத்தது திரவ உணவு. அம்மைக்கோ நீராகாரம் என்றால் ஒன்றே ஒன்றுதான். மறுநாள் விடியற்காலையில், முந்தின இரவுச் சோற்றில் ஊற்றிவைத்த தண்ணீரை வடித்து, உப்பும் நசுக்கிய உள்ளியும் போட்டு, ஒரு செம்பு நிறைய அண்ணன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். கரைத்துக் குடிக்க மருத்துவமனையில் கொடுத்த மாவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மைனி என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். விஷயம் விளங்கியதும் அம்மையின் அச்சம் இன்னொரு சொல்லுக்குத் தாவியது: “அப்போ மூணு மாசம் எம்பிள்ளையப் பட்டினி போடப் போறானுவளா?”

ஒரே சீட்டுக்கு ஒரே வீட்டில் டயட், நீராகாரம், பட்டினி என்று மூன்று பெயர்கள் வந்துவிட்டன. மூன்றும் தவறு என்பதும், சரியான சொல் அம்மைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்தான் என்பதும் என் கருத்து.

‘டயட்’ கிரேக்கத்தில் ‘டயாய்ட்டா’ என்று பிறந்து, இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். கிரேக்கத்தில் அதற்கு ‘வாழும் முறை’ என்பதே பொருள். ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில் உணவு, உடற்பயிற்சி, உறக்கம், குளியல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. நாளடைவில் அது மருத்துவர் விதித்த உணவு என்று சுருங்கி, இன்று யாரும் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் ‘எடை குறைப்பு’ என்று மேலும் மெலிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின மாதம் போளியையும் பாயசத்தையும் ஒதுக்குவதும் டயட். அண்ணனுக்கு எழுதியதும் டயட். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் ஆபத்துத் தொடங்குகிறது. முன்னதை விரும்பியபோது தொடங்கலாம், விரும்பியபோது விடலாம். பின்னதை மருத்துவர் இல்லாமல் தொடங்கவும் கூடாது, அவரைக் கேட்காமல் ஒரே நாளில் விடவும் கூடாது.

‘கலோரி’ என்பதற்கு வேர், வெப்பம் என்று பொருள்படும் ‘கலோர்’ என்னும் இலத்தீன் சொல். உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்பது உண்மையில் கிலோ கலோரி. அதாவது ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல். இதற்குக் குறள் 947இல் வரும் ‘தீயளவு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் வள்ளுவர் சொல்வது உண்பவன் வயிற்றுத் தீயின் அளவை, கலோரி சொல்வது உணவுக்குள் இருக்கும் ஆற்றலின் அளவை. அளவுகோல் வேறு, ஆகவே ஆசையை விட்டேன். கலோரி கலோரியாகவே இருக்கட்டும். பால் பாக்கெட்டில்கூட அச்சாகிவிட்ட சொல் அது.

‘மிகக் குறைந்த’ என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு நாளைக்கு 800 கலோரியும் அதற்குக் கீழும் இந்த வகை. வளர்ந்த ஆண் ஒருவருக்கு வழக்கமாகத் தேவைப்படுவதில் இது பாதியைவிடக் குறைவு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அரைக் கிலோ மரச்சீனிக் கிழங்கில் ஏறத்தாழ 800 கலோரி வந்துவிடும். அப்படியானால் நாளுக்கு அரைக் கிலோ கிழங்கை அவித்துத் தின்றாலும் போதுமே என்று அண்ணனே கேட்டார். போதாது. அந்தக் கிழங்கில் புரதம் 7 கிராம் அளவே தேறும். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1995இல் வகுத்த தரத்தின்படி, இத்தகைய தயாரிப்பு ஒரு நாளைக்கு 450 முதல் 800 கலோரி வரை தரும்போதே குறைந்தது 50 கிராம் தரமான புரதத்தையும், தேவையான கொழுப்பு அமிலங்களையும், வைட்டமின்களையும் தாது உப்புகளையும் தந்தாக வேண்டும். குறைக்கப்படுவது ஆற்றல் மட்டுமே. மற்றவை குறைந்தால் உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கத் தொடங்கும்.

இதனால்தான் அம்மை வைத்த செம்பு நீராகாரம் இதற்கு ஈடாகாது. அது வயிற்றைக் குளிர்விக்கும், ஆனால் அதில் சொல்லும்படியாகப் புரதம் இல்லை. திரவமாக இருப்பது மட்டுமே போதும் என்று நினைத்ததற்கு உலகம் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ‘திரவப் புரதம்’ என்ற பெயரில், விலங்குகளின் தோலிலிருந்தும் தசைநாணிலிருந்தும் கிடைக்கும் கொலாஜனைக் கரைத்து விற்றார்கள். அதை மட்டுமே மாதக்கணக்கில் குடித்தவர்களில் ஏறத்தாழ 60 பேர், பெரும்பாலும் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து, இறந்தார்கள். பெயரில் புரதம் இருந்தது. உடல் கேட்கும் புரதம் அதில் இல்லை.

‘திரவ உணவு’ என்பது பிழையான மொழிபெயர்ப்பு அன்று, உயிரற்ற மொழிபெயர்ப்பு. நம் முன்னோர் உணவை உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என நான்காகப் பகுத்தார்கள். அண்ணனுக்கு விதிக்கப்பட்டது அவற்றுள் நான்காவது மட்டும். பருகும் உணவு ஆதலால் ‘பருகுணவு’ என்று சொல்லலாம், நீராகாரத்தோடு குழம்பாது.

இனி ‘டயட்’டுக்கு நேர்ச்சொல். ‘பட்டினி’ என்பதில் இல்லாமையின் சாயல் உண்டு; உணவு கிடைக்காததும் அதுவே, மறுப்பதும் அதுவே. ‘விரதம்’ தெய்வத்துக்கானது. முட்டம், குளச்சல் கரைகளில் தவக்காலத்தில் இருக்கும் ‘ஒருசந்தி’ நல்ல சொல். ஒருவேளை மட்டும் உண்பது என்று அளவைச் சொல்கிறது. இறைச்சியை விலக்கும் ‘சுத்தபோசன’த்திலிருந்து அதைப் பிரித்துக்காட்டும் நுட்பமும் நம் வழக்கில் இருக்கிறது. ஆனாலும் அதன் நோக்கம் நோய் அன்று. ‘இலங்கணம்’ இன்னும் நெருங்கி வருகிறது. ‘லங்கனம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் அது. மருத்துவத்துக்காக உணவை விலக்குவது. ‘லங்கனம் பரம ஔஷதம்’ என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஆனால் காய்ச்சலில் ஓரிரு நாள் வயிற்றைக் காயப்போடுவதற்கே அது பொருந்தும், 12 வாரத்துக்குத் தாங்காது.

எஞ்சுவது ‘பத்தியம்’. ‘பத்ய’ என்ற வடசொல், பாதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘வழிக்கு ஏற்றது’ என்பதே அதன் அடிப்பொருள். வாழும் முறை என்ற கிரேக்கச் சொல்லும் வழிக்கு ஏற்றது என்ற இந்தச் சொல்லும் உணவில் வந்து சந்தித்திருப்பது தற்செயல்தான், ஆனாலும் அழகான தற்செயல். மருந்துவாழ் மலையின் பச்சிலைகளை நம்பிய வைத்தியர்களும், கோட்டாற்று ஆயுர்வேதக் கல்லூரிக்குப் போகிறவர்களும், பேறுகாலம் பார்த்த பாட்டிமார்களும் நம் மாவட்டத்தில் இந்தச் சொல்லைக் கைவிடவே இல்லை. பத்தியம் என்றதும் மூன்று செய்திகள் கேட்காமலே வந்துவிடுகின்றன: இதை விதித்தவர் ஒருவர் இருக்கிறார், இதோடு சேர்ந்த மருந்து ஒன்று இருக்கிறது, இதற்கு முடிவு நாள் ஒன்று இருக்கிறது. ‘மருத்துவக் கண்காணிப்பில்’ என்று தனியாக ஒட்டவைக்க வேண்டிய செய்தி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பழைய பத்தியம் பெரும்பாலும் வகையைத் தடுக்கும். புளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது என்று சொல்லும். இது அளவைத் தடுக்கிறது. ‘பருகுணவு’ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் அந்த இடைவெளி ஓரளவு அடைபடும் என்று நினைக்கிறேன்.

சொல் மாறியதும் வீட்டில் பேச்சும் மாறியது. பட்டினி என்றிருந்தவரை அம்மைக்கு அழுகை மட்டுமே வந்தது. பத்தியம் என்றதும் கேள்விகள் வந்தன. “பழைய மாத்திரையும் இதோட உண்டா?” என்பது முதல் கேள்வி, உண்மையில் அதுதான் முதலில் கேட்க வேண்டியதும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால், உணவு குறைந்த உடலில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை நிறுத்தாவிட்டால், கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் மிகுந்துவிடலாம். இரத்த அழுத்த மாத்திரையைக் குறைக்காவிட்டால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும். கண்காணிப்பு என்பது எடை பார்ப்பது மட்டும் அன்று. இந்த மருந்துகளைத் திருத்துவதும், பொட்டாசியமும் சிறுநீரக அளவுகளும் சரியாக இருக்கின்றனவா என்று இரத்தத்தில் பார்ப்பதும் ஆகும். மலச்சிக்கல், குளிர் தாங்காமை, சில மாதம் கழித்து முடி கொட்டுதல் ஆகியவை பெரும்பாலும் தற்காலிகமானவை. வலப்பக்க மேல்வயிற்றில் பிடிக்கும் வலியை அப்படி விடக்கூடாது; எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம். கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், முதல்வகைச் சர்க்கரை நோயாளிகள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் ஆகியோருக்கு இந்தப் பத்தியம் ஏற்றதன்று.

பலன் உண்டா என்று மைனி கேட்டார். பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வு 2017இல் வெளியானது. சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்கு மேற்படாத, இன்சுலின் போடாதவர்களுக்கு 825 முதல் 853 கலோரி வரை, அதாவது நம் எல்லையைச் சற்றே தாண்டிய பருகுணவை, மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை அளவு நோய் எல்லைக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 விழுக்காடு. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகிவிட்டது. எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்புவது பெரும்பாலும் நடந்தது.

திரும்பும் வழிக்கும் தமிழில் சொல் இருக்கிறது. மருந்து முடிந்த பின்னும் சில நாள் காக்கும் பத்தியத்தைச் சித்த மருத்துவம் ‘மறுபத்தியம்’ என்கிறது. டைரக்ட் ஆய்விலும் வழக்கமான உணவுக்கு இரண்டு முதல் எட்டு வாரத்தில் படிப்படியாகவே கொண்டுவந்தார்கள். நீண்ட பட்டினிக்குப் பின் ஒரேயடியாக உண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது, இரண்டாம் உலகப் போரில் விடுதலையான கைதிகளைப் பார்த்த காலத்திலிருந்தே மருத்துவர்களுக்குத் தெரியும். பருகுணவுப் பத்தியத்தில் அந்த அளவு ஆபத்து அரிது என்றாலும், படிகளைத் தாண்டக் கூடாது.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது அம்மை தானே கேட்டாள்: “மறுபத்தியம் என்னைக்குத் தொடங்கும், எப்படித் தொடங்கும்?” மருத்துவர் கொஞ்சம் வியந்துதான் பார்த்தார். 13ஆம் வாரத்தில் தொடங்கும் என்றும், மாவுப் பொட்டலங்களில் ஒன்றை நிறுத்திவிட்டு, அந்த ஒருவேளைக்கு மட்டும் அளந்த உணவு கொடுக்க வேண்டும் என்றும் விளக்கினார்.

“அப்போ மொதல்ல ஒருசந்தி” என்றாள் அம்மை.